ஆப்பிரிக்க வனவிலங்குகளைக் காண உகந்த மாதம் எது?

உங்களுக்கு ஆப்பிரிக்கா சென்று வர ஒரு வாய்ப்பு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை ஆகியவற்றை அவை வாழும் இடத்திலேயே காண வேண்டும் என்பது உங்கள் ஆசை. பத்து நாட்கள்தான் அவகாசம். எந்த மாதத்தில் புறப்படுவீர்கள்?

"விலங்குகள் அங்கேயேதானே இருக்கின்றன? எந்த மாதம் போனால் என்ன?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். தான்சானியா நாட்டில் செரெங்கெட்டி என்றொரு பெரிய தேசியப் பூங்கா இருக்கிறது. அதன் தென்கிழக்குச் சமவெளியில் பிப்ரவரி மாதம் ஒரு பாறை மேட்டில் ஏறி நின்று பார்த்தால், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை விலங்குக் கூட்டம் தெரியும். ஆகஸ்டில் அதே மேட்டில் நின்று பார்த்தால் காய்ந்த தரையும் புழுதியும்தான் தெரியும். லட்சக்கணக்கான விலங்குகள் எங்கே போயின? ஏன் போயின?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்துவிட்டால், எந்த மாதம் புறப்படுவது என்பது தானாகவே விளங்கிவிடும். விடையை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: மழை. மழை எங்கே பெய்கிறதோ அங்கே புல் முளைக்கிறது. புல் எங்கே இருக்கிறதோ அங்கே மேயும் விலங்குகள் போகின்றன. அவற்றின் பின்னால் ஊன் உண்ணிகள் போகின்றன. 'சஃபாரி' என்னும் சுவாஹிலி மொழிச் சொல்லுக்குப் பயணம் என்றே பொருள். அந்தப் பயணத்தை முதலில் மேற்கொள்வது விலங்குகள்தாம். நாம் அவற்றின் பின்னே செல்கிறோம்.

மழைப் பட்டையின் பயணம்

ஆப்பிரிக்காவின் வரைபடத்தை எடுத்து விரித்துக்கொள்ளுங்கள். பூமத்திய ரேகை கண்டத்தின் நடுவே குறுக்காகச் செல்வதைக் காண்பீர்கள். அதற்கு வடக்கே ஏறக்குறைய 37 பாகை வரையிலும், தெற்கே ஏறக்குறைய 35 பாகை வரையிலும் இக்கண்டம் பரவியிருக்கிறது.

சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும் பகுதியில் நிலம் மிகவும் சூடேறுகிறது. நிலத்தை ஒட்டிய காற்றும் சூடேறி, இலேசாகி, மேலெழும்புகிறது. மேலே போகப் போக அது குளிர்கிறது. அதிலுள்ள நீராவி மேகமாகி மழையாகப் பொழிகிறது. மேலெழுந்த காற்றின் இடத்தை நிரப்ப வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் காற்று வந்து கூடுகிறது. இவ்வாறு காற்றுகள் கூடும் இடம் பூமியைச் சுற்றி ஓர் ஒட்டியாணம்போல அமைந்திருக்கிறது. இதை நாம் மழைப் பட்டை என்று அழைப்போம்.

இந்தப் பட்டை ஓரிடத்தில் நிலையாக நிற்பதில்லை. சூரியன் ஜூன் மாதம் கடக ரேகைக்கு நேர் மேலேயும், டிசம்பர் மாதம் மகர ரேகைக்கு நேர் மேலேயும் காய்கிறது அல்லவா? மழைப் பட்டையும் சிறிது தாமதமாகச் சூரியனைப் பின்தொடர்ந்து வடக்கே ஏறுகிறது. பிறகு தெற்கே இறங்குகிறது.

இதனால் என்ன விளைகிறது? பூமத்திய ரேகையை ஒட்டிய கென்யாவையும் வடக்குத் தான்சானியாவையும் இந்தப் பட்டை ஆண்டுக்கு இருமுறை கடந்து செல்கிறது. ஆகவே அங்கே இரண்டு மழைக்காலங்கள். மார்ச் முதல் மே வரை பெய்வது நீண்ட மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது குறுகிய மழை. நமக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போதுதான் கென்யாவிலும் குறுகிய மழை பெய்கிறது என்பதைக் கவனியுங்கள்.

தெற்கே உள்ள போட்ஸ்வானா, ஜிம்பாப்வே, தென்னாப்பிரிக்காவின் வடபகுதி ஆகிய இடங்களுக்கு மழை ஆண்டுக்கு ஒருமுறைதான் வந்து திரும்புகிறது. அங்கே பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். ஆகவே 'ஆப்பிரிக்காவுக்குப் போக நல்ல மாதம்' என்று பொதுவாக ஒரு மாதத்தைச் சொல்லிவிட முடியாது. எந்த ஊருக்கு என்று முதலில் கேட்க வேண்டும்.

வறண்ட காலத்தை ஏன் விரும்புகிறார்கள்?

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். 1926-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இதன் பரப்பு ஏறக்குறைய 19,500 சதுர கிலோமீட்டர். இங்கே செல்பவர்களுக்குப் பெரும்பாலும் சொல்லப்படும் மாதங்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரை. அது அங்கே குளிர்காலமும் வறண்ட காலமும் ஆகும். நாம் தெற்கு அரைக்கோளத்துக்கு வந்துவிட்டோம் என்பதை மறந்துவிடாதீர்கள். ஜூலை மாதக் காலை வேளையில் அங்கே கம்பளிச் சட்டை இல்லாமல் திறந்த வண்டியில் உட்கார முடியாது.

இந்த மாதங்களில் மூன்று மாறுதல்கள் ஏற்படுகின்றன. முதலாவது, ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்த புல் காய்ந்து படுத்துவிடுகிறது. இரண்டாவது, பல மரங்கள் இலையை உதிர்த்துவிடுகின்றன. இவ்விரண்டாலும் புதருக்குப் பின்னே நிற்கும் விலங்கு கண்ணுக்குத் தென்படுகிறது. மழைக்காலத்தில் பத்து அடி தூரத்தில் நிற்கும் சிறுத்தையைக்கூட நீங்கள் பார்க்காமல் கடந்துவிடலாம்.

மூன்றாவது மாறுதல்தான் முக்கியமானது. மழைக்காலத்தில் ஒவ்வொரு பள்ளத்திலும் நீர் தேங்கியிருக்கும். விலங்குகள் எங்கு வேண்டுமானாலும் குடிக்கலாம். எங்கு வேண்டுமானாலும் சிதறி மேயலாம். வறண்ட காலத்தில் இந்தக் குட்டைகள் ஒவ்வொன்றாக வற்றிவிடுகின்றன. கடைசியில் சில ஆற்று மடுக்களும் நீர்நிலைகளும்தான் மிஞ்சுகின்றன. வளர்ந்த யானை ஒன்று ஒரு நாளைக்கு 100 முதல் 200 லிட்டர் வரை நீர் குடிக்கும். எருமை, வரிக்குதிரை போன்றவையும் நீர் இல்லாமல் நெடுநாள் தாங்க மாட்டா. ஆகவே எல்லாமே ஒரே மடுவைத் தேடி வருகின்றன. இதைச் சிங்கமும் அறியும். மடுவின் அருகே நிழலில் படுத்துக் காத்திருக்கும். நீங்களும் அங்கே வண்டியை நிறுத்திவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தால் போதும்.

இன்னொரு நன்மையும் உண்டு. நீர் தேங்காத காலத்தில் கொசு குறைவு. ஆகவே மலேரியா அபாயமும் குறைகிறது. சாலைகளும் காய்ந்திருக்கும். செரெங்கெட்டியிலும் மசாய் மாராவிலும் பல இடங்களில் நம் கோவில்பட்டிப் பக்கத்தைப் போலக் கரிசல் மண் உண்டு. மழையில் நனைந்த கரிசலில் வண்டிச் சக்கரம் சிக்கினால் என்ன பாடு என்பதை அந்தப் பக்கத்து மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பதின்மூன்று லட்சம் விலங்குகளின் வட்டப் பாதை

அப்படியானால் வறண்ட காலத்தில் போவதுதான் எப்போதும் நல்லதா? இப்போது க்ரூகரை விட்டு வடக்கே, நாம் தொடக்கத்தில் பார்த்த செரெங்கெட்டிக்குத் திரும்புவோம்.

செரெங்கெட்டி தேசியப் பூங்காவும், அதன் வடக்கே எல்லைக்கு அப்பால் கென்யாவில் உள்ள மசாய் மாரா காப்பகமும், சுற்றியுள்ள மேய்ச்சல் நிலங்களும் சேர்ந்து ஒரே வாழிடமாக அமைந்துள்ளன. இங்கே வாழும் முக்கிய விலங்கு நூ. மாட்டைப் போன்ற தலையும், குதிரையைப் போன்ற வாலும், தாடியும் கொண்ட இது மறிமான் இனத்தைச் சேர்ந்தது. வில்டபீஸ்ட் என்றும் இதைச் சொல்வார்கள். ஏறக்குறைய 13 லட்சம் நூக்களும், அவற்றுடன் சுமார் 2 லட்சம் வரிக்குதிரைகளும், லட்சக்கணக்கான சிறு மான்களும் ஆண்டுதோறும் இங்கே ஒரு பெரிய வட்டமடிக்கின்றன.

டிசம்பர் முதல் மார்ச் வரை இவை தென்கிழக்கில் உள்ள குட்டைப் புல் சமவெளியில் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் அங்கிருந்து வடமேற்கே நகரத் தொடங்கும். ஜூன் வாக்கில் குருமெட்டி ஆற்றுப் பகுதியை அடையும். ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கே மாரா ஆற்றின் இரு கரைகளிலும் இருக்கும். குறுகிய மழை தொடங்கியதும் நவம்பரில் தெற்கு நோக்கித் திரும்பும். கடிகார முள் சுற்றும் திசையில் ஒரு வட்டம்!

வறண்ட காலத்தில் வடக்கே போவதற்குக் காரணம் எளிது. வடபகுதியில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு அந்த வட்டாரத்தில் மாரா ஒன்றுதான். தென்கிழக்குச் சமவெளியோ கொரங்கோரோ மலைகளின் மழை மறைவுப் பகுதி. அங்கே கிடைப்பது சுமார் 500 மில்லிமீட்டர்தான்.

இப்போது ஒரு கேள்வி. வடக்கே நீரும் புல்லும் இருக்கும்போது, இவை ஏன் மறுபடியும் அந்த வறண்ட தெற்குச் சமவெளிக்குத் திரும்ப வேண்டும்? வடக்கிலேயே தங்கிவிடலாமே!

விடை மண்ணில் இருக்கிறது. தெற்குச் சமவெளியின் மண் எரிமலைச் சாம்பலால் ஆனது. கொரங்கோரோ மலைப்பகுதியிலுள்ள எரிமலைகள் நெடுங்காலமாகக் கக்கிய சாம்பல் காற்றில் வந்து இங்கே படிந்திருக்கிறது. அதில் கால்சியமும் பாஸ்பரஸும் மிகுதி. அந்த மண்ணில் முளைக்கும் புல்லிலும் இந்தச் சத்துகள் மிகுதி. கன்று ஈன்று பால் கொடுக்கும் தாய்க்கு இவை மிகவும் தேவை. வடக்கே புல் உயரமாக வளர்ந்தாலும் இந்தச் சத்துகள் அதில் குறைவு. சுருங்கச் சொன்னால், வடக்கே நூக்கள் உயிர் பிழைக்கின்றன. தெற்கே இனம் பெருக்குகின்றன.

இந்தச் சாம்பல் மண்ணுக்கு அடியில் சுண்ணாம்பு இறுகிக் கல்போல ஆகியிருக்கிறது. மரங்களின் வேர் அதைத் துளைத்து இறங்க முடியாது. ஆகவே சமவெளியில் மரம் இல்லை. மரம் இல்லாததால் பதுங்கி வரும் எதிரியைத் தொலைவிலேயே பார்த்துவிடலாம். கன்று ஈனுவதற்கு இதைவிட நல்ல இடம் ஏது?

பிப்ரவரியா, ஆகஸ்டா?

பிப்ரவரியில் இந்தச் சமவெளியில் பெரும்பாலான கன்றுகள் இரண்டு மூன்று வாரங்களுக்குள் பிறந்துவிடுகின்றன. இப்படி ஒரே நேரத்தில் ஈனுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. சிங்கமும் கழுதைப்புலியும் ஒரு நாளில் எத்தனை கன்றுகளைத்தான் தின்ன முடியும்? அவற்றின் வயிற்றுக்கு ஓர் அளவு உண்டு. கன்றுகள் ஆண்டு முழுவதும் ஒன்றிரண்டாகப் பிறந்தால் எல்லாமே இரையாகிவிடும். லட்சக்கணக்கில் ஒன்றாகப் பிறந்தால் பெரும்பகுதி தப்பிவிடும். பிறந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து நின்று, தாயோடு நடக்கத் தொடங்கிவிடுகிறது.

இந்தக் காலத்தில் மசாய் மேய்ப்பர்கள் தங்கள் மாடுகளை நூ கன்றுகள் இருக்கும் புல்வெளிப் பக்கம் விடுவதில்லை. நூக்களை எதுவும் செய்யாத ஒரு நோய்க்கிருமி, கன்றுகளிடமிருந்து மாடுகளுக்குத் தொற்றினால் மாடுகள் இறந்துவிடும். ஆய்வுக்கூடம் கண்டுபிடிக்கும் முன்பே அனுபவத்தால் அவர்கள் அறிந்துகொண்ட செய்தி இது.

ஆகஸ்டில் மாரா ஆற்றங்கரையில் காண்பது வேறு காட்சி. ஆயிரக்கணக்கான நூக்கள் செங்குத்தான கரையில் நெருக்கியடித்து நின்று, ஒன்று குதித்ததும் மற்றவையும் குதித்து, வெள்ளத்தை நீந்திக் கடக்கும். முதலைகள் காத்திருக்கும். முதலைக்கு இரையாவதைவிட நெரிசலிலும் வெள்ளத்திலும் மூழ்கி இறப்பவை மிகுதி. 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆண்டுக்குச் சராசரியாக 6,000-க்கு மேற்பட்ட நூக்கள் இந்த ஆற்றில் மூழ்கி இறப்பதாகக் கணக்கிட்டது. அந்த உடல்கள் வீணாவதில்லை. பிணந்தின்னிக் கழுகுகளும் மீன்களும் தசையை உண்கின்றன. எலும்புகள் பல ஆண்டுகள் மெல்லக் கரைந்து ஆற்றுக்குப் பாஸ்பரஸைத் தருகின்றன.

ஆகவே பிறப்பைக் காண விரும்பினால் பிப்ரவரியில் தெற்கே செல்லுங்கள். ஆற்றைக் கடப்பதைக் காண விரும்பினால் ஆகஸ்டு, செப்டம்பரில் வடக்கே செல்லுங்கள். இரண்டும் ஒரே பூங்காவில்தான்.

மழை இல்லாத ஊரில் வெள்ளம்

இதைவிட வியப்பான ஓர் இடம் தெற்கே போட்ஸ்வானாவில் இருக்கிறது. ஒகவாங்கோ ஆறு கடலைத் தேடிப் போகாத ஆறு. அங்கோலாவின் மேட்டு நிலங்களில் தோன்றி, தென்கிழக்கே ஓடி, கலஹாரியின் மணற்பரப்பில் விரிந்து பரவி, பெரும்பாலும் ஆவியாகி மறைந்துவிடுகிறது. அது விரியும் இடத்தில் தீவுகளும் நாணல் படுகைகளும் கால்வாய்களும் நிறைந்த ஒரு பெரிய கழிமுகம் உள்நாட்டிலேயே உருவாகியிருக்கிறது.

அங்கோலாவில் மழை பெய்வது பெரும்பாலும் டிசம்பர் முதல் மார்ச் வரை. ஆனால் நிலத்தின் சரிவு மிகவும் குறைவு. கழிமுகத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, சுமார் 250 கிலோமீட்டர் தூரத்தில், நிலம் 60 மீட்டர் அளவுக்குத்தான் தாழ்கிறது. நாணலுக்கும் கோரைக்கும் இடையே நீர் ஊர்ந்துதான் செல்கிறது. ஆகவே கழிமுகத்தின் கீழ்க் கோடிக்கு வெள்ளம் வந்து சேர ஜூன், ஜூலை, ஆகஸ்டு ஆகிவிடுகிறது. அந்த மாதங்களில் உள்ளூரில் ஒரு சொட்டு மழை இருக்காது. சுற்றிலும் நிலம் காய்ந்து கிடக்கும்போது நடுவே மட்டும் வெள்ளம் பெருகும். உலகிலேயே அதிகமான யானைகள் உள்ள நாடு போட்ஸ்வானா. அந்த யானைகளும் எருமைகளும் பெருங்கூட்டமாக இந்த நீரை நோக்கி வருகின்றன. படகில் சென்று விலங்குகளைக் காண இந்த மாதங்களே சிறந்தவை.

ஒரு செய்தியை இங்கே நினைவில் வையுங்கள். ஓர் ஊரின் மழை அட்டவணையை மட்டும் பார்த்துப் பயணத்தைத் தீர்மானித்தால் ஏமாறலாம். அந்த ஊருக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். கென்யாவின் அம்போசெலி இதற்கு மற்றோர் எடுத்துக்காட்டு. அங்கே மழை மிகக் குறைவு. ஆனால் கிளிமாஞ்சாரோ மலையில் பெய்யும் மழை நிலத்தடியே ஊறி வந்து, சதுப்பு நிலங்களாக அங்கே வெளிப்படுகிறது. எனவே கோடையிலும் யானைகளை அங்கே காணலாம்.

மழைக்காலத்தில் போகவே கூடாதா?

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். தென் ஆப்பிரிக்க நாடுகளில் நவம்பர், டிசம்பரில் முதல் மழை பெய்ததும் இம்பாலா மான்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் குட்டி ஈனுகின்றன. பழுப்பாய்க் கிடந்த நிலம் சில நாட்களில் பசுமையாகிவிடுகிறது. புழுதி அடங்கி வானம் தெளிந்திருக்கும்.

பறவைகளைப் பார்ப்பவர்களுக்கு இதுவே பொற்காலம். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் குளிர் தொடங்கியதும் வெண்நாரைகளும் பஞ்சுருட்டான்களும் ஆப்பிரிக்காவுக்கு வருகின்றன. அவற்றுள் ஒன்றுக்கு நம் நாட்டோடும் உறவு உண்டு. அமூர் வல்லூறு என்னும் சிறிய வேட்டைப் பறவை, சீனாவின் வடகிழக்கிலும் சைபீரியாவிலும் கூடு கட்டுகிறது. அக்டோபர், நவம்பரில் நாகாலாந்தில் பெருங்கூட்டமாகத் தங்கி இளைப்பாறுகிறது. பிறகு இந்தியாவைக் கடந்து, அரபிக் கடலை ஒரே மூச்சில் தாண்டி, தென் ஆப்பிரிக்கப் புல்வெளிகளை அடைகிறது. எதற்காக? மழை பெய்ததும் புற்றிலிருந்து கிளம்பும் ஈசல்களைத் தின்பதற்காகத்தான்! 2012 வரை நாகாலாந்தில் இப்பறவைகள் வலை வைத்துப் பெருமளவில் பிடிக்கப்பட்டன. ஊர் மக்களே முன்வந்து 2013 முதல் அதை நிறுத்தினார்கள்.

வேலிகளும் நாள்காட்டியும்

இதுவரை பார்த்ததிலிருந்து ஒன்று தெரிகிறது. விலங்குக்கு ஒரே ஓர் இடம் போதாது. ஆண்டின் ஒவ்வொரு பருவத்துக்கும் ஓர் இடம் வேண்டும். இதை முதலில் வானத்திலிருந்து பார்க்க முயன்றவர்கள் பெர்ன்ஹார்டு கிரிமெக் என்ற ஜெர்மானிய விலங்கியல் அறிஞரும் அவருடைய மகன் மிக்கேலும் ஆவர். 1958-இல் வரிக்குதிரைபோல் கோடு தீட்டிய ஒரு சிறு விமானத்தில் செரெங்கெட்டியின் மேலே பறந்து விலங்குகளை எண்ணினார்கள். பூங்காவின் எல்லையை மாற்றியமைக்க அரசு அப்போது திட்டமிட்டிருந்தது. விலங்குகள் அந்த எல்லைக்கு வெளியேயும் நெடுந்தூரம் செல்வதை இவர்கள் கண்டார்கள். 1959 ஜனவரியில் அந்த விமானம் ஒரு பிணந்தின்னிக் கழுகின் மீது மோதி விழுந்தது. மிக்கேல் இறந்தார். அவருக்கு வயது 24.

இந்த உண்மையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்லலாம்.

மசாய் மாராவின் வடகிழக்கே லொய்ட்டா சமவெளி இருக்கிறது. மாராவிலேயே வாழ்ந்த வேறொரு நூக் கூட்டம் மழைக்காலத்தில் அங்கே சென்றுதான் கன்று ஈனும். அந்த நிலம் காப்பகத்துக்கு வெளியே இருந்தது. அதன் பெரும்பகுதி இயந்திரங்களால் உழப்பட்டுக் கோதுமை வயலாயிற்று. 1977-இல் 1 லட்சத்துக்கு மேல் இருந்த அந்தக் கூட்டம், 1997-இல் சுமார் 22,000 ஆகக் குறைந்தது. காப்பகத்துக்குள் யாரும் வேட்டையாடிக் குறைத்ததல்ல. ஆண்டில் சில மாதங்களுக்கு வேண்டிய இடம் போயிற்று; அவ்வளவுதான்.

கலஹாரியில் நடந்தது இன்னும் கொடுமை. மாட்டிறைச்சி ஏற்றுமதிக்காகக் கோமாரி நோயைத் தடுக்க, போட்ஸ்வானாவில் 1950-களிலிருந்து நீண்ட கம்பி வேலிகள் போடப்பட்டன. 1980-களின் தொடக்கத்தில் கடும் வறட்சி வந்தபோது நூக்கள் வழக்கப்படி நீரைத் தேடி நடந்தன. வேலி குறுக்கே நின்றது. வேலியை ஒட்டியே நடந்து, நீரை அடைய முடியாமல் பல்லாயிரக்கணக்கில் மடிந்தன.

மூன்றாவது, நன்மை செய்ய எண்ணிச் செய்த செயல். க்ரூகர் பூங்காவில் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டி ஏராளமான செயற்கைக் குட்டைகள் அமைத்தார்கள். வறண்ட வடபகுதியில் நீர் கிடைத்ததும் வரிக்குதிரைகள் அங்கே பெருகின. அவற்றைத் தொடர்ந்து சிங்கங்கள் வந்தன. அதுவரை அந்த வறண்ட பகுதியில் பாதுகாப்பாக இருந்த அரிய ரோன் மறிமான்கள் அவற்றுக்கு இரையாயின. 1986-இல் சுமார் 450 இருந்தவை, 1993-இல் சுமார் 45 ஆயின. பிறகு பல குட்டைகளை மூடிவிட்டார்கள். வறட்சிக்கும் இயற்கையில் ஒரு வேலை இருக்கிறது என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

வேலியை நீக்கினால் பழைய பாதை திரும்புமா? திரும்பும் என்று காட்டியவை வரிக்குதிரைகள். ஒகவாங்கோவுக்கும் மக்கடிக்கடி உப்புச் சமவெளிக்கும் இடையே 1968-இல் போடப்பட்ட ஒரு வேலி, 2004-இல் அகற்றப்பட்டது. சில ஆண்டுகளில், கழுத்தில் கருவி பொருத்திய வரிக்குதிரைகள் ஏறக்குறைய 290 கிலோமீட்டர் நடந்து அந்தச் சமவெளியை அடைவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். இடையில் 36 ஆண்டுகள் கழிந்திருந்தன. காட்டில் வரிக்குதிரை அவ்வளவு காலம் வாழ்வதில்லை. ஆகவே பழைய பாதையை நேரில் அறிந்த ஒன்றுகூட அந்தக் கூட்டத்தில் இருந்திருக்க முடியாது. மழையும் புல்லும்தான் அவற்றுக்கு வழி காட்டியிருக்க வேண்டும்.

நாள்காட்டி பிசகும்போது

மழையே பிசகினால்? 2019-இன் இறுதியில் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகவும், கிழக்குப் பகுதி குளிர்ந்தும் இருந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் குறுகிய மழை பேய்மழையாகிப் பெருவெள்ளம் வந்தது. அடுத்த ஆண்டு நிலைமை தலைகீழானது. 2020 அக்டோபர் முதல் 2022 டிசம்பர் வரை தொடர்ந்து ஐந்து மழைக்காலங்கள் பொய்த்தன. 2022-இல் பிப்ரவரி முதல் அக்டோபர் வரையிலான ஒன்பது மாதங்களில் மட்டும் 205 யானைகள் இறந்ததாகக் கென்ய அரசு அறிவித்தது. மேய்ப்பர்களின் மாடுகளும் ஏராளமாக மடிந்தன.

இத்தகைய ஆண்டில் விலங்குகளுக்கு இருக்கும் ஒரே வழி, நீர் உள்ள வேறிடத்துக்கு நடப்பதுதான். அந்த வழி திறந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. செரெங்கெட்டியின் வடபகுதியை ஊடறுத்து ஒரு நெடுஞ்சாலை அமைக்கும் திட்டம் 2010-இல் பெரும் விவாதமானதும், கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றம் 2014-இல் அங்கே தார்ச்சாலை அமைக்கத் தடை விதித்ததும் இந்தக் காரணத்தால்தான்.

எந்த மாதம்?

இப்போது நம் முதல் கேள்விக்கு வருவோம். க்ரூகரில் நீர்நிலைகளின் அருகே பலவகை விலங்குகளைக் காண ஜூன் முதல் செப்டம்பர் வரை. ஒகவாங்கோவின் வெள்ளத்தைக் காண ஜூன் முதல் ஆகஸ்டு வரை. நூக்கள் மாரா ஆற்றைக் கடப்பதைக் காண ஜூலை முதல் அக்டோபர் வரை. அவை கன்று ஈனுவதைக் காண பிப்ரவரி. பறவைகளையும் பசுமையையும் காண நவம்பர் முதல் மார்ச் வரை. மழை முந்தினாலும் பிந்தினாலும் இந்தக் கணக்கு ஓரிரு வாரங்கள் மாறும். ஆற்றைக் கடக்கும் நாளை நூக்களே முன்கூட்டி அறியமாட்டா!

நண்பர்களே, ஒரு சிறு பயிற்சி. ஒரு காகிதத்தில் ஆப்பிரிக்காவை வரைந்து, பூமத்திய ரேகையையும் இக்கட்டுரையில் வரும் இடங்களையும் குறியுங்கள். ஒவ்வோர் இடத்தின் அருகிலும் மழை மாதங்களை நீல நிறத்தாலும், விலங்குகள் கூடும் மாதங்களைச் சிவப்பு நிறத்தாலும் எழுதுங்கள். பிறகு, இனிமேல் தொலைக்காட்சியில் ஒரு பூங்காவின் படத்தைப் பார்க்கும்போது, "இந்த விலங்குகள் மற்ற மாதங்களில் எங்கே இருக்கும்? அந்த இடத்துக்குக் காவல் இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். வனவிலங்குப் பாதுகாப்பைப் பற்றிக் கேட்கத் தகுந்த முதல் கேள்வி அதுதான்.